மூன்று வீட்டுக்கு ஹோம் ஸ்டேஜிங் எடுத்துப் பார்த்தேன்

விற்கப் போகிற வீட்டை வாங்க வருகிறவர் கண்ணுக்கு அடுக்கி வைக்கிற இந்தச் சேவைக்கு என் மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. மிச்ச ஒன்றரை எங்கே போனது என்பதுதான் கீழே நீளமாக இருக்கிறது. அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு: வீடு ஒன்றரைக் கோடிக்கு மேல் போகும் என்றால் ஸ்டேஜிங் கம்பெனியைக் கூப்பிடுங்கள், அதற்குக் கீழே என்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள், எதுவானாலும் மண்மேட்டுப் பக்கச் சுவரை மட்டும் அவர்கள் பொறுப்பில் விடாதீர்கள்.

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருந்துகொண்டு வீடு, காணி விற்றுக் கொடுக்கிறேன். பதினாலு வருஷம் ஆகிறது. மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா, அந்தப் பக்கம் பண்டாரவளை, அப்புத்தளை வரைக்கும் போவேன். கார்டில் ரியல் எஸ்டேட் ஏஜன்ட் என்று அடித்திருக்கிறேன், டவுனில் எல்லாரும் கூப்பிடுவது புரோக்கர் என்றுதான், அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கண்டியில் ஒரு கம்பெனி இந்த ஸ்டேஜிங் வேலை செய்கிறது என்று கொழும்பில் இதே தொழில் செய்யும் நண்பர் சொல்லி 2024ல் முதல் தடவை கூப்பிட்டேன். அப்புறம் இன்னும் இரண்டு தடவை. பெயரைப் போடவில்லை. இரண்டாவது வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் எழுதப் போகிறேன், அவர்களும் பிழைப்பு நடத்துகிறவர்கள், அதனால் பெயர் வேண்டாம்.

ஸ்டேஜிங் என்றால், விற்கப் போகிற வீட்டை அதில் இருக்கிறவருடைய வசதிக்காக இல்லாமல் வாங்க வருகிறவருடைய கண்ணுக்காக அடுக்கி வைப்பது. வீட்டுக்காரரின் சாமான்களில் பாதியை ஒதுக்குவார்கள். வாடகைக்குச் செட்டி (சோபா), கட்டில், மேசை, திரைச்சீலை, விளக்கு எல்லாம் லொறியில் வந்து இறங்கும். படம் எடுப்பார்கள். வீடு விற்றதும், அல்லது பேசிய மாதம் முடிந்ததும், எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ஸ் என்ற வீட்டு ஏஜன்ட் 1972ல் இதைத் தொடங்கி வைத்தார் என்பார்கள். என் தாத்தா உயிரோடு இருந்தால் சிரித்திருப்பார். அவர் காலத்தில் கம்பெனி சார்பில் தேயிலைத் தோட்டங்களைச் சோதிக்கிற விசிட்டிங் ஏஜன்ட் தோட்டம் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கான் (வடிகால்) ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, லயத்து வாசலில் கிடக்கிற விறகைப் பின்பக்கம் தள்ளி, அவர் நடக்கப் போகிற பாதையில் மட்டும் புல் செதுக்கி வைப்பார்களாம். வந்தவர் அந்தப் பாதையிலேயே நடந்து அந்தப் பாதையிலேயே திரும்பிவிடுவார். ஒழுகுகிற கூரை அடுத்த மழைக்கும் ஒழுகும்.

சரி, முதல் வீடு. பண்டாரவளை, 14 பேர்ச் காணி, மூன்று அறை. பிள்ளைகள் கனடாவில், அம்மா இறந்த பிறகு ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. 3 கோடி 20 லட்சம் கேட்டார்கள். ஐந்து மாதமாக இக்மன் விளம்பரத் தளத்தில் போட்டு வைத்திருந்தேன், நேரில் வந்தவர்கள் நாலே பேர், அதில் ஒருவர் 2 கோடி 90 லட்சத்துக்குக் கேட்டுவிட்டுப் போனவர் திரும்பிப் பேசவில்லை. படங்கள் நான் போனில் எடுத்தவை. சாயங்காலம், வெளியே மூட்டம், உள்ளே டியூப் லைட், ஹோல் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், மூலையில் அந்த அம்மாவின் தையல் மெஷின், அதன் மேல் பழைய பேப்பர்க் கட்டு. இப்போது பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு யார் கொழும்பிலிருந்து விடியக்காலையில் புறப்பட்டு வருவார்?

கம்பெனியிலிருந்து ஒரு தங்கச்சியும் ஒரு தம்பியும் வந்தார்கள். தங்கச்சி கதவைத் திறந்து உள்ளே போனதும் ஒன்றும் பேசாமல் மூச்சை இழுத்துப் பார்த்தார். "அண்ணே, செட்டி எல்லாம் அப்புறம். முதல்ல இந்த மணத்தப் போக்கணும்."

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. அதுதான் விஷயம். குளிர் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஈரக் கம்பளி மணம், அலுமாரிக்குள்ளே பூஞ்சணம் பிடித்த துணி மணம் எல்லாம் மூக்கில் படுவதே இல்லை, கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவருக்கு வாசற்படியிலேயே பட்டுவிடும், ஆனால் அதை வாயால் சொல்ல மாட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார். மூன்று நாள் காலை பத்திலிருந்து மூன்று மணி வரை எல்லா ஜன்னலையும் திறந்து போட்டோம். மெத்தைகளை வெளியே தள்ளினோம். திரைச்சீலைகளை லோண்டரிக்குக் கொடுத்தோம். அலுமாரிகளின் அடித்தட்டில் ஒரு பேசினில் நீற்றாத சுண்ணாம்புக் கல் வைத்தோம், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், இரண்டு நாளில் கல் பொடியாக உதிர்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் அந்த அலுமாரிக்குள் எவ்வளவு ஈரம் இருந்திருக்கிறது என்று புரிந்தது. வெள்ளை டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்புகள் போட்டார்கள், பெட்டியில் 2700 கே என்று போட்டிருக்கும், ஒரு பல்பு என்ன பெரிய விலையா? ஆனால் வெளியே மூட்டம் இறங்கும்போது அந்த ஹோல் ஏதோ விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல ஆகிவிட்டது.

செட்டியும் கட்டிலும் நாலாம் நாள்தான் வந்தன. என்னைக் கேட்டால் பாதி வேலை லொறி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

படங்களைக் காலை எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில் எடுத்தார்கள். வீடு பார்க்க வருகிறவர்களையும் ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் வரச் சொல்லுங்கள் என்றார்கள், மத்தியானத்துக்கு மேல் மூட்டம் வந்தால் சொர்க்கமே ஆனாலும் கிணற்றுக்குள் பார்ப்பது போலத்தான் தெரியும். இது எனக்குப் பதினாலு வருஷமாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மூன்று வாரத்தில் பதினோரு பேர் வந்தார்கள். 3 கோடி 5 லட்சத்துக்குப் போனது.

இந்த இடத்தில் கம்பெனி விளம்பரமாக இருந்தால் 'ஸ்டேஜிங்கால் 15 லட்சம் கூடக் கிடைத்தது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் வங்கி வட்டி இறங்கியிருந்தது, ஒரு வருஷத்துக்கு முன்பு கடன் என்று வாயெடுக்கவே பயந்தவர்கள் எல்லாம் வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். 15 லட்சத்தில் எது செட்டிக்கு, எது வட்டிக்கு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? இன்னொன்று, வாங்கியவர் வங்கிக் கடனில் வாங்கினார். மதிப்பீட்டுக்கு வந்த ஐயா காணி அளவு, பாதை அகலம், கட்டடத்தின் வயது, கூரை இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார், அத்தனை அழகாகப் போட்டிருந்த குஷன்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனதுக்குப் பிடித்த விலைக்கும் வங்கி எழுதுகிற மதிப்புக்கும் நடுவில் இருக்கிற தொகையை வாங்குகிறவர் கையிலிருந்துதான் போட வேண்டும், அந்த இடத்தில் ஸ்டேஜிங் ஒரு சதமும் உதவாது.

அமெரிக்காவில் இதையெல்லாம் கேட்டுப் பதிந்து வைக்கிறார்கள். அங்கே ஏஜன்டுகளின் பெரிய சங்கம், நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ், 2025ல் வெளியிட்ட அறிக்கையில், வாங்குபவர் பக்கத்து ஏஜன்டுகளில் 83 சதவீதம் பேர் ஸ்டேஜிங் செய்த வீட்டைத் தன் வீடாக நினைத்துப் பார்ப்பது வாங்குபவருக்குச் சுலபமாகிறது என்றிருக்கிறார்கள். விற்பவர் பக்கத்து ஏஜன்டுகளில் 49 சதவீதம் பேர் சீக்கிரம் விற்றது என்றார்கள். விலை 1 முதல் 10 சதவீதம் கூடியது என்றவர்கள் 29 சதவீதம்தான். இதெல்லாம் ஏஜன்டுகள் வாயால் சொன்னது, மீன் நல்ல மீனா என்று மீன்காரரிடமே கேட்ட மாதிரி. 2015ல் லேன், சைலர், சைலர் என்று மூன்று ஆய்வாளர்கள் வீடு வாங்குகிற 820 பேருக்கு ஒரே வீட்டைக் கம்ப்யூட்டரில் சுற்றிக் காட்டி, சிலருக்கு நல்ல சாமானோடு, சிலருக்குக் கண்றாவிச் சாமானோடு, சிலருக்கு வெறும் வீடாக, சுவர் நிறத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். அழகாக வைத்த வீடு பார்த்தவர்களுக்குப் பிடித்தது, குடியிருக்க நல்ல வீடு என்றார்கள், ஆனால் கொடுக்க நினைத்த விலை மாறவில்லை. என் மூன்று வீட்டு அனுபவமும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் சாய்கிறது. ஆளை வாசலுக்குக் கொண்டுவருகிறது, உள்ளே வந்தவரைக் கொஞ்ச நேரம் கூட நிற்க வைக்கிறது. மிச்சப் பேச்சு நம்முடையது.

ஏஜன்டுக்கு அதுவே போதுமா என்றால், போதும், ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர்கள் பேக்கேஜ் ஒரு மாதத்துக்கு 185,000 ரூபாய், பண்டாரவளைக்கு லொறி 38,000. மொத்தம் 223,000. வீட்டுக்காரரும் நானும் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டோம், அவர் பாதி விற்ற பிறகு தருவார். என் கமிஷன் மூன்று சதவீதம், 3 கோடி 5 லட்சத்துக்கு 915,000. அதில் என் பங்கு 111,500 போனது. வலிக்கவில்லை, ஏனென்றால் அந்த ஐந்து மாதத்தில் பண்டாரவளைக்குப் போய்வந்த பெட்ரோலும், 'என்ன தம்பி இன்னும் ஒருத்தரும் வரலையா' என்று கனடாவிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு வந்த போன்களும் நின்றன. இதே கொட்டகலையில் 60 லட்சத்துக்கு ஒரு வீடு என்றால் கமிஷனே 180,000. ஸ்டேஜிங் செலவு அதைவிட அதிகம். அங்கே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் நம் கைக்கு வருகிறதில் முக்கால்வாசி அப்படிப்பட்ட வீடுதான், இல்லாவிட்டால் வெறும் காணி. காணிக்குப் புல்லை வெட்டி எல்லைக்கல் தெரிகிற மாதிரி வைத்தால் அதுதான் ஸ்டேஜிங்.

இப்போது இரண்டாவது வீடு. ஹட்டன், டிக்கோயா போகிற பக்கம், 2025 ஜூலை.

முதல் தவறு என்னுடையது. ஜூலையில் ஹட்டனில் வாடகைக்குச் செட்டி எடுக்கிறவன் புத்திசாலி இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை இந்தப் பக்கச் சரிவில் அடித்து ஊற்றும்போது பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். பண்டாரவளை வீட்டை ஜூலையில் செய்தது சரியாக வந்ததால் இதையும் ஜூலையில் செய்தேன். மாத வாடகையில் பதினெட்டு நாள் ஒருவரும் வரவில்லை, மழை. ஹட்டன் பக்கத்து வீட்டை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும், ஊவாப் பக்கம் அதற்கு நேர்மாறு, ஒக்டோபருக்கு முன்னால். கண்டியில் உட்கார்ந்திருக்கிற கம்பெனி இதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியது அவர்கள் வேலையா என்றும் தெரியவில்லை, ஆனால் மாதக் கணக்கில் காசு வாங்குகிறவர் சொன்னால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வீட்டில் ஆட்கள் குடியிருந்தார்கள், ரிட்டயர் ஆன ஐயாவும் அவர் மனைவியும். குடியிருக்கிற வீட்டை ஸ்டேஜிங் செய்வது என்பது இன்னொருவர் குசினிக்குள் போய் உப்பு டப்பாவை இடம் மாற்றுவது மாதிரி. பேரப்பிள்ளைகள் படங்களைக் கழற்றச் சொன்னார்கள், அம்மா பேசாமல் கழற்றினார். மா இடிக்கிற உரலைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார்கள், ஐயாவும் தம்பியும் தூக்கினார்கள். அப்புறம் ஹோலில் இருக்கிற சாமித் தட்டை எடுத்துவிடலாம், வாங்க வருகிறவர் எந்தச் சமயமோ தெரியாது, எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றார்கள். அம்மா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். "சாமிய எங்க கொண்டு போய் வைக்கிறது மகள்? அதுக்கும் ஒரு லொறியா?"

நானும் ஐயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொழில் கண்ணால் பார்த்தால் அந்தத் தங்கச்சி சொன்னது பிழையில்லை, நம் ஊரில் ஒரே வீட்டைப் பார்க்கச் சிங்கள ஆட்களும் வருவார்கள், முஸ்லிம் ஆட்களும் வருவார்கள், வேதக்காரரும் வருவார்கள். ஆனால் விளக்கு எரிகிற வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு அதே வீட்டில் அந்த அம்மா எப்படித் தூங்குவார்? கடைசியில் சாமித் தட்டு சின்ன அறைக்குப் போனது, ஆட்கள் வருகிற நேரத்தில் அந்தக் கதவைச் சாத்திக்கொள்வது என்று முடிவானது. ஒன்று சொல்கிறேன், வந்த தமிழ் ஆட்களில் இரண்டு பேர் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, 'ஓ, சாமியறை தனியா இருக்கா' என்று சந்தோஷப்பட்டார்கள். தற்செயலாக அமைந்த ஸ்டேஜிங்.

அதே மாதிரி பெரிய அறையில் கட்டிலை ஜன்னல் காட்சிக்கு நேராகப் போட்டார்கள். படத்தில் பிரமாதமாக இருந்தது. வந்த ஒரு குடும்பத்தோடு பாட்டி ஒருவர் வந்திருந்தார், அறைக்குள் வந்ததும் கேட்ட ஒரே கேள்வி, "வடக்கு எந்தப் பக்கம்?" தலையணை சரியாக வடக்கில் இருந்தது. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு முன்னால் இப்படிப் போட்டுவிட்டு, கட்டிலை நகர்த்திக்கொள்ளலாம் பாட்டி என்று நான் சொன்னது எடுபடவில்லை. இது சின்ன விஷயம்தான், நான் முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது போனில் திசைகாட்டி இருக்கிறது, கட்டில் போடுவதற்கு முன் காட்டுகிறேன்.

சரி, ஒளிக்க மாட்டேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஒரு அலுமாரி.

இந்த வீடு சரிவை வெட்டிக் கட்டியது. முன்பக்கம் காட்சி, பின்பக்கம் மண்மேடு. சாப்பாட்டறையின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியது, அதில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது, பெயின்ட் கொப்பளித்துக் கிடந்தது. ஐயா என்னிடம் மறைக்கவில்லை, விலையிலும் அதற்குக் கழித்துத்தான் சொல்லியிருந்தார். ஸ்டேஜிங் முடிந்த அன்று நான் தலவாக்கலையில் இருந்தேன், படங்களைப் போனில் பார்த்தேன், நன்றாக இருந்தது, சரி என்றேன். கொட்டகலையிலிருந்து ஆசிரியை அக்கா ஒருவர் கணவரோடு வந்தார். முன்னறை பிடித்தது. குசினி பிடித்தது. சாப்பாட்டறையில் வந்து நின்றார். பின்சுவர் முழுக்க மறைகிற மாதிரி புத்தக அலுமாரி ஒன்று நின்றது, பக்கத்தில் பெரிய படம் ஒன்று தரையில் சாய்த்து வைத்திருந்தது, அதற்கு முன்னால் ஒரு செடி.

"தம்பி, இந்தப் பக்கம் மண்மேடு தானே?"

"ஆமா அக்கா."

"இந்த அலுமாரியக் கொஞ்சம் நகர்த்துங்க பாப்போம்."

நான் நகர்த்துவதற்கு முன்பே அவர் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுவிட்டார். கையை வெளியே எடுத்து, விரல் நுனியில் ஒட்டியிருந்த ஈரச் சுண்ணாம்பைக் கணவரிடம் காட்டினார். என்னைப் பார்த்துக் கோபப்படவும் இல்லை. படியிறங்கும்போது ஒன்று மட்டும் சொன்னார். "சுவர் ஈரமா இருந்தா பரவாயில்ல தம்பி, நாங்களும் இங்க பொறந்தவங்கதான். மறைச்சு வச்சீங்களே."

மலைநாட்டில் வளர்ந்த யாரும் வீட்டுக்குள் வந்ததும் மண்மேட்டுப் பக்கச் சுவரைத்தான் தேடுவார்கள். கூரையைப் பார்ப்பார்கள், தகரம் எந்த வருஷத்தது என்று கேட்பார்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கான் எங்கே போய் விழுகிறது என்று கேட்பார்கள். திரைச்சீலையின் நிறம் அதற்கெல்லாம் அப்புறம். அந்த அக்கா அன்றைக்கே கொட்டகலையில் எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது, நம் தொழிலில் ஒரு ஊர் கைவிட்டுப் போவதற்கு ஒரு ஆள் போதும்.

கம்பெனிக்கு போன் எடுத்தேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். பார்க்கிறவர் கண்ணை நல்ல இடத்துக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் வேலை, குறையைத் திருத்துவது வீட்டுக்காரர் வேலை என்றார். முதல் பாதி சரி. ஆனால் கண்ணை வேறு இடத்துக்குக் கொண்டுபோவது வேறு, குறைக்கு முன்னால் அலுமாரியை நிறுத்துவது வேறு. கேட்டு வாங்கியதில் கடைசிப் பத்து நாள் வாடகையைக் கழித்தார்கள், மன்னிப்பு என்ற சொல் கடைசி வரை வரவில்லை. ஒன்றரை மார்க்கில் ஒரு மார்க் இதற்கு. அந்த வீட்டை அப்புறம் நாங்களே அலுமாரியை எடுத்துவிட்டு, பின்னால் கானை ஆழமாக வெட்டி, பழைய பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசி, அதற்கு ஆன பில்லை வந்தவர்கள் கையில் கொடுத்து, நவம்பர் தொடக்கத்தில் விற்றோம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அதற்குப் பிறகு மலைநாட்டில் வீடு விற்பது பழைய மாதிரி இல்லை. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை மேடு சரிந்தது, எத்தனை உயிர் போனது என்று எல்லாரும் பார்த்தோம். இப்போது போன் எடுக்கிறவர் எத்தனை பேர்ச், எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால் என்.பி.ஆர்.ஓ. அறிக்கை இருக்கிறதா என்று கேட்கிறார், அதுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு. கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வீடு இந்த வருஷம் பெப்ரவரியில், நுவரெலியாவில் ஒரு பழைய பங்களா, 40 பேர்ச், ஐந்து அறை. திரும்பவும் அதே கம்பெனியா என்று என் மனைவி கேட்டாள். அதே கம்பெனிதான், ஏனென்றால் அந்தத் தங்கச்சிக்கு வேலை தெரியும், கண்ணும் மூக்கும் இரண்டும் வேலை செய்கிற ஆள் கிடைப்பது சுலபமில்லை. இந்தத் தடவை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்: எந்தச் சுவருக்கும் முன்னால் உயரமான சாமான் வைப்பதானால் எனக்குக் காட்ட வேண்டும், மண்மேட்டுப் பக்கச் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே வீடு பார்க்க வருகிறவருக்கு முதலில் வருவது நடுக்கம். ஆட்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே இரண்டு அறையிலும் கணப்பு மூட்டச் சொன்னார்கள். ஒன்றின் புகைபோக்கியில் குருவிக்கூடு, முதல் நாள் ஹோல் முழுக்கப் புகை, கொழும்பு ஐயா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டாம் நாளிலிருந்து சரியாகிவிட்டது. பழைய மரத்தரையை மூடிக் கிடந்த லினோலியத்தை உரித்து, மெழுகு போட்டுத் தேய்த்தது அவர்கள் யோசனை, அதற்கு எத்தனை பாராட்டும் தகும், அந்தத் தரை வீட்டின் வயதில் இருபதைக் குறைத்துவிட்டது. வாங்குபவர் கெஸ்ட் ஹவுஸ் யோசனையோடு வருவார் என்பதால் ஏப்ரல் சீசனுக்கு முன்னால் செய்ததும் சரியாக அமைந்தது.

என் பங்குக்கு நான் செய்தது ஒன்று. சாப்பாட்டு மேசையில் அவர்கள் வைத்த பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒரு ஃபைல் வைத்தேன். காணி உறுதிப் பத்திரத்தின் நகல், சேர்வே பிளான், என்.பி.ஆர்.ஓ. அறிக்கை, கரண்ட் பில், தண்ணீர் பில். தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை, படத்தில் அசிங்கமாக விழுகிறது என்றார். படம் எடுக்கும்போது எடுத்துவிட்டேன். ஆட்கள் வரும்போது வைத்தேன். வந்தவர்களில் அதிகம் பேர் செட்டியில் உட்காரவில்லை, அந்த மேசையில்தான் உட்கார்ந்தார்கள். இப்போது அட்வான்ஸ் வாங்கியாயிற்று, உறுதி இன்னும் எழுதவில்லை.

அவர்களிடம் விலை குறைந்த இன்னொரு சேவையும் இருக்கிறது, வெறும் அறையைப் படம் எடுத்து அதில் கம்ப்யூட்டரால் செட்டி, கட்டில் எல்லாம் போட்டுத் தருவது, படத்துக்கு 5,000. ஒரு வீட்டுக்கு எடுத்துப் பார்த்தேன். ஆட்கள் வந்தார்கள், கதவைத் திறந்தார்கள், வெறும் சிமெந்துத் தரையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. எடுப்பதானால் படத்துக்குக் கீழேயே 'சாமான்கள் கம்ப்யூட்டரில் சேர்த்தவை' என்று எழுதிவிடுங்கள், வெறும் அறையின் படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். இன்னொரு தந்திரமும் கண்ணில் பட்டது. சின்ன அறையில் நாலடிக் கட்டில் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டுவது. நான் இப்போது வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நாலடிக் கட்டில், உங்கள் ஆறடிக் கட்டில் வந்தால் இந்தக் கதவு முழுக்கத் திறக்காது என்று. டேப்பும் சட்டைப்பையில் இருக்கிறது. மிச்ச அரை மார்க் இந்தக் கட்டிலுக்கு.

அப்போ சின்ன வீட்டுக்கு என்ன செய்வது? கொட்டகலை வீட்டுக்கு நானே செய்தேன். இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி, பல்பு, முன்னறைக்கு மட்டும் ஒரு கோட் பெயின்ட், சுண்ணாம்புக் கல், வாசல் புல், என் வீட்டிலிருந்து கொண்டுபோன திரைச்சீலை. 28,000 ரூபாய். அமெரிக்க அறிக்கையிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது, கம்பெனி வைத்துச் செய்தால் நடுவாந்தரச் செலவு 1,500 டொலர், ஏஜன்ட் தானே செய்தால் 500. வீட்டுக்காரர் அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள், எதை எடுக்கப் போகிறோம், எதைத் தொட மாட்டோம் என்று. லொறிச் செலவு மிச்சம், மனக்கசப்பும் மிச்சம்.

கம்பெனியைக் கூப்பிடுகிறவர்கள் போனிலேயே கேட்க வேண்டியது: லொறி வாடகை பேக்கேஜுக்குள்ளா வெளியிலா (வெளியில்தான்), மாதம் தாண்டினால் எவ்வளவு (எனக்கு 45,000 சொன்னார்கள்), வீட்டு வாசல் வரை லொறி வருமா. டிக்கோயா வீட்டுக்கு வராது, கடைசி நூறு மீட்டர் படி, தூக்குகிறவர்களுக்குக் கூலி நான் கொடுத்தேன். டெபாசிட் 50,000 வாங்குவார்கள். நுவரெலியா டெபாசிட் திரும்பி வரப் பத்தொன்பது நாள் ஆனது, அதில் 4,500 கழித்திருந்தார்கள், ஒரு கம்பளத்தில் கணப்பு நெருப்புப் பொறி விழுந்த ஓட்டைக்கு. அது எங்கள் கையால் நடந்ததுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.